ஒரு சோறு பதம் ஆகுமா?

(தேசிய நூலக வார விழாவில், ஒரு மாவட்ட மைய நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலரான பெருமக்களே, முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை நூலகர்களே, இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் ஊர்ப்புற நூலகர்களே, ஆசிரியப் பெருமக்களே, கூட்டம் எப்போது முடியும், சுண்டல் எப்போது வரும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நல்நூலகர் விருது பெற்ற இருவர் இந்த மேடையில் இருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்து உலகத்துக்கே நூலக இலக்கணம் எழுதிய எஸ்.ஆர். அரங்கநாதன் பெயரால் வழங்கப்படும் விருது அது. அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர். இன்றைய பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆளைப் பற்றியது.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். புதிதாக வரும் சிறுவர் நூலை நூலகர் எப்படிச் சோதிப்பது, சோதித்ததை எப்படிக் குறிப்பாக எழுதுவது, அந்தக் குறிப்பைப் பெற்றோரிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. ஆனால் நம் புத்தகத் தேர்வில் அது செய்திருக்கும் கெடுதல் கொஞ்சமில்லை. அட்டையைப் பார்ப்பது, பின்னட்டையைப் படிப்பது, விலையைப் பார்ப்பது, நடுவில் ஒரு பக்கம் புரட்டுவது, ‘சரி, வாங்கலாம்’ என்பது. முந்நூறு பக்க நாவலுக்கு முப்பது பக்கம் படித்தால் ஓரளவு பதம் தெரிந்துவிடும். படப் புத்தகத்துக்குத் தெரியாது. அது பெரும்பாலும் 16, 24, 32 பக்கம்தான். பெரிய தாளை மடித்து வெட்டுவதால் வரும் கணக்கு. 24 பக்கப் புத்தகத்தில் பதிப்பு விவரம், விளம்பரம் என நான்கு பக்கம் போனால் கதைக்கு மிஞ்சுவது இருபது. இருபது பக்கத்தில் ஒரு பக்கம் கெட்டாலும் பானையே கெட்டதுதான். பத்தொன்பது பக்கம் துள்ளி ஓடிய கதை, இருபதாம் பக்கத்தில் ‘ஆகவே குழந்தைகளே, பெரியோர் சொல்லைக் கேட்க வேண்டும்’ என்று பிரம்பை எடுக்கும். அதை நடுப்பக்கம் காட்டிக்கொடுக்காது.

ஆகவே முழுக்கப் படிக்க வேண்டும். அதுவும் மூன்று முறை. முதல் முறை, தனியாக, மனத்துக்குள். இரண்டாம் முறை, வாய்விட்டு, கடிகாரம் வைத்துக்கொண்டு. மூன்றாம் முறை, நான்கைந்து குழந்தைகளை உட்காரவைத்து.

வாய்விட்டு வாசிக்கும்போதுதான் மொழி அகப்படும். சிறுவர் நூல்களில் மொழிபெயர்ப்பு நிறைய வருகிறது, வரட்டும், நல்லது. ஆனால் ‘அவன் தன் கைகளைத் தன் பைகளுக்குள் வைத்தான்’ என்று ஒரு வரி வந்தால் நம் நாக்கு தானே நின்றுவிடும். எந்த ஊர்ப் பிள்ளை அப்படிச் சொல்லும்? ‘சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டான்’ என்றால் முடிந்தது. ‘ஓ, என் கடவுளே!’ என்று கத்தும் பாட்டியும் இப்படித்தான். நம் பாட்டி ‘ஐயோ, முருகா!’ என்பாள். பனி பெய்யும் ஊர்க் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பனியைத் தமிழில் பெய்யவையுங்கள் என்கிறேன்.

அடுத்தது எழுத்து. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறோம். தானே வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்குப் பதினெட்டுப் புள்ளிக்கு (பாயிண்ட்) குறைந்த எழுத்து சரிப்படாது. அலங்கார எழுத்துருக்களில் ‘ர’வையும் துணைக்காலையும் பாருங்கள், இரண்டும் ஒரே அச்சாக இருந்தால் அந்தப் புத்தகம் முதல் வாசகருக்கு ஆகாது. வரி ஓரத்தையும் பாருங்கள். இருபக்கமும் ஓரம் சமமாக நிற்க வேண்டும் என்று கணினி ‘விளையாடி’ என்று ஒரு வரியில் நிறுத்தி, ‘னார்கள்’ என்று அடுத்த வரியில் போட்டுவிடும். நமக்கு அது கண்ணில் படாது. விரல் வைத்து வாசிக்கும் பிள்ளை அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் மட்டும் சீராக வைத்து, மூச்சு நிற்கும் இடத்தில் வரியை மடக்கினால் இந்தத் தொல்லை இல்லை. ‘போய்க்கொண்டிருந்தபொழுது’ என்பதில் பன்னிரண்டு எழுத்து. ‘போகும்போது’ என்பதில் ஐந்து. கருநீலப் படத்தின் மேல் கறுப்பு எழுத்து அச்சடித்திருக்கிறதா என்று டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். நம் கிளை நூலகங்களில் இருக்கும் வெளிச்சம் அவ்வளவுதானே!

தகவல் நூல் என்றால் சோதனை சுலபம். மூன்று கேள்வி போதும். கோள்கள் எத்தனை? ஒன்பது என்று இருந்தால் 2006-க்கு முந்தைய சரக்கைத் தூசிதட்டி அச்சடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் எத்தனை? 38 என்று இல்லாவிட்டால் 2020-க்குப் பிறகு திருத்தவில்லை. படத்தில் சிலந்திக்குக் கால் எத்தனை? எட்டு இருக்க வேண்டும். ஆறு போட்டு அச்சாகும் புத்தகங்கள் உண்டு. இங்கே மட்டும் ஒரு சோறு பதம்தான். சிலந்திக் காலை எண்ணாதவர் திமிங்கிலத்தை மீன் என்றும், வௌவாலைப் பறவை என்றும் எழுதியிருப்பார்.

கதை நூலுக்கு ஒரு பென்சிலும் துண்டுத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிற ஆண் பாத்திரத்துக்கு ஒரு கோடு, பெண் பாத்திரத்துக்கு ஒரு கோடு. அம்மா எத்தனை படத்தில் கரண்டியோடு நிற்கிறாள்? திருடனுக்கும் அரக்கனுக்கும் மட்டும் கறுப்பு நிறம் தீட்டியிருக்கிறார்களா? நம் பிள்ளைகளின் நிறம் என்ன? ஒரு புத்தகத்தை வைத்து ஓவியரைத் தூக்கில் போட வேண்டாம். ஆனால் இருபது புத்தகத்தின் கோடுகளைக் கூட்டிப் பார்த்தால், நம் ரேக்கின் முகம் தெரியும்.

கட்டு. நடுவில் பின் அடித்த புத்தகம் மேசையில் தட்டையாக விரியும். கடலோர ஊரில் அந்தப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். பசை போட்டு ஒட்டிய பெர்ஃபெக்ட் பைண்டிங், பார்க்க மிடுக்காக இருக்கும். அழுத்தி விரித்தால் முதுகு வெடிக்கும், விரிக்காவிட்டால் இரண்டு பக்கமாக வரைந்த யானையின் முகம் மடிப்புக்குள் போய்விடும். வாங்கும் முன் ஒரு பிரதியை இருபது முறை முழுக்க விரித்து மூடுங்கள். பிறகு நடுப்பக்கம் ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்கி லேசாக ஆட்டுங்கள். கையோடு வந்தால், நூலகத்தில் அதன் ஆயுள் ஒரு கோடை விடுமுறைதான். இங்கேயும் ஒரு சோறு பதம்.

இப்போது ஒரு கதை. உண்மைக் கதை, நூலகர்கள் இல்லாத சபையில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நியூயார்க் பொது நூலகத்தில் 1906-இல் சிறுவர் பணிகளுக்குத் தலைமையேற்றார் ஆன் கரோல் மூர் என்ற அம்மையார். பல நூலகங்கள் குழந்தைகளை வாசலிலேயே மறித்த காலம் அது. அந்த அம்மையார் ‘அமைதி’ப் பலகைகளைக் கழற்றினார். குழந்தை உயரத்துக்கு நாற்காலி போட்டார். கதை நேரம் வைத்தார். ஒரு பெரிய பதிவேட்டில், ‘இந்தப் புத்தகங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன்’ என்ற உறுதிமொழியின் கீழே பிள்ளைகளே கையெழுத்துப் போட்டால் போதும், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார். 1918-இலேயே இதழில் சிறுவர் நூல்களுக்குத் தொடர்ந்து விமர்சனம் எழுதினார். கைப்பையில் ஒரு மரப்பொம்மை வைத்திருப்பார், பெயர் நிக்கோலஸ். கூட்டங்களுக்கும் அதைக் கூட்டிப்போவார். அதோடு பேசவும் செய்வார்! எதிரில் இருக்கும் பதிப்பாளர் சிரிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

ஏன் முடியாது? அந்த அம்மையார் மேசையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. ‘வாங்குவதற்கு நிபுணரின் பரிந்துரை இல்லை’ என்பது அதன் வாசகம். அது விழுந்தால் புத்தகம் விழுந்தது. காரணம் எழுத இடமே இல்லை; முத்திரைதானே! 1941-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றாரே தவிர, ஓயவில்லை. தேர்வுக் கூட்டங்களுக்கு வந்துகொண்டே இருந்தார். அவருக்கு அடுத்து வந்தவர் கூட்டத்தின் இடத்தை மாற்றிப் பார்த்தார். எந்த இடத்துக்கு மாற்றினாலும் அம்மையார் அங்கே வந்துவிடுவார். (நம் அலுவலகங்களிலும் இது உண்டு, யாரும் பக்கத்து நாற்காலியைப் பார்க்க வேண்டாம்.)

1947-இல் ‘குட்நைட் மூன்’ என்ற படப் புத்தகம் வந்தது. ஒரு முயல்குட்டி, அறையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்லித் தூங்கும், அவ்வளவுதான். அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை. நியூயார்க் பொது நூலகம் அதை வாங்கவில்லை. எப்போது வாங்கியது தெரியுமா? 1972-இல். இருபத்தைந்து ஆண்டு! எழுதிய மார்கரெட் வைஸ் பிரவுன் 1952-லேயே இறந்துவிட்டார். 2020-இல் அதே நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்களை அறிவித்தது. முதலிடம், ‘த ஸ்னோயி டே’ என்ற படப் புத்தகம், 4,85,583 முறை. பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு: குட்நைட் மூனும் பத்துக்குள் வந்திருக்கக்கூடும், நாங்கள்தான் இருபத்தைந்து ஆண்டு அதை வைத்திருக்கவில்லை என்ற பொருளில். சிறுவர் நூலகத்துக்கே கதவு திறந்த கைதான் அந்த ஒரு புத்தகத்துக்குக் கதவைச் சாத்தியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரே நாக்கு பதம் பார்த்தால் இப்படித்தான்.

நமக்கு அந்த அம்மையாரின் பதவி வேண்டும், முத்திரை வேண்டாம்.

முத்திரைக்குப் பதில் என்ன? குறிப்பு அட்டை. இரண்டாவது செய்திக்கு வந்துவிட்டேன். அறுபது சொல்லுக்கு மிகாமல், எழுதியவர் பெயரும் தேதியும் போட்டு. என்ன கதை, எத்தனை பக்கம், பக்கத்துக்கு எத்தனை வரி, சொல்லிக் கேட்கவா தானே வாசிக்கவா, குழந்தைகள் எங்கே சிரித்தார்கள், என்ன குறை. ‘பூனையைத் தேடும் சிறுமியின் கதை. 24 பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானே வாசிக்கும். ஒன்பதாம் பக்கத்தில் பூனை ஒளிந்திருப்பதைக் குழந்தைகள் நமக்கு முன்பே கண்டுபிடித்தார்கள். பதினாறாம் பக்க எழுத்து இருட்டில் தெரியவில்லை.’ இப்படி. பின்னட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். ‘நற்கருத்துகள் நிறைந்த’, ‘சிறியோர் முதல் பெரியோர் வரை’ என்ற சொற்களை ஓராண்டு விரதமாக விட்டுவிடுங்கள். கடைசியில் ஒரு தரம்: பரிந்துரைக்கிறேன், கூடுதலாக வாங்கலாம், ஓரளவு, வேண்டாம். அமெரிக்காவில் 1945-இல் சிறுவர் நூல் விமர்சனத்துக்காகவே தொடங்கிய ஓர் இதழ் ஏறக்குறைய இப்படித்தான் தரம் போட்டது. ‘வேண்டாம்’ என்றால் காரணம் கட்டாயம். அதோடு, ஒரு புத்தகத்துக்கு மூன்று நூலகர்களின் அட்டை சேராமல் முடிவு எடுக்கக் கூடாது.

‘பேச நன்றாக இருக்கிறது, நேரம் எங்கே?’ என்று ஊர்ப்புற நூலகர் ஒருவர் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கணக்குப் போடுவோம். தனியாகப் படிக்கப் பத்து நிமிடம், வாய்விட்டுப் பத்து, குழந்தைகளோடு இருபது, குறிப்பு எழுத இருபது. ஒரு படப் புத்தகத்துக்கு ஒரு மணி நேரம். மாதம் இருபத்தைந்து புத்தகம் என்றால் இருபத்தைந்து மணி நேரம். கதவைத் திறந்து, நாளிதழ் பிரித்து, இரவல் பதிந்து, உறுப்பினர் சேர்த்து, இருப்புச் சரிபார்த்து, புரவலர் தேடி, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைக்கும் ஒற்றை ஆளிடம் இருபத்தைந்து மணி நேரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் அட்டைப் பழக்கம் தொடங்கிய இடங்களில் மூன்றாம் மாதமே நின்றுபோகிறது. சோம்பல் என்று சொன்னால் அது அநியாயம்.

பெருமக்களே, ஆகவேதான் நான் போகிற மேடையெல்லாம் சொல்வதை இங்கும் சொல்கிறேன். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ‘சிறுவர் நூலகர்’ என்று தனிப் பணியிடம் வேண்டும். சிறுவர் பகுதிக்கு வண்ணம் அடிக்கிறோம், சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைகிறோம், பஞ்சு நாற்காலி போடுகிறோம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கு அருமையான பகுதிகள் உள்ளன, போய்ப் பாருங்கள். ஆனால் கிளை நூலகத்தில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே உட்கார்ந்து படித்துக் காட்ட ஆள் யார்? விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948-இல், நம் மாநிலத்தில் வந்தது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாம்தான் கட்டுகிறோம். நகர்மன்றத் தலைவர் அவர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன்: வசூலான அந்தப் பத்துப் பைசா தாமதமில்லாமல் நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி வழக்கு தீர்ந்தது.

சிறுவர் நூலகரின் வேலை என்ன என்றும் எழுதி வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கிளை நூலகர்களை அழைத்து வாசிப்பு மேசை. ஆளுக்கு மூன்று புத்தகம், மூன்று அட்டை. அட்டைகளின் நகல் நூல் தேர்வுக் குழுவுக்கும் பதிப்பாளருக்கும் போக வேண்டும். சிலந்திக்கு ஆறு கால் போட்டவருக்கு அடுத்த பதிப்பில் எட்டாக்க ஒரு வாய்ப்பு! மெல்லிய புத்தகத்துக்கு முதுகில் பெயர் இருக்காது. ரேக்கில் செருகினால் தொலைந்தது. அட்டை முகம் தெரிய நிறுத்தி, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். படப் புத்தகத்தையும் நாவலையும் ஒரே பாரக் கணக்கில், அதாவது மடித்து வெட்டிய அச்சுத் தாள்களை எண்ணி, விலை நிறுத்தக் கூடாது என்பதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. அது தனிக் கச்சேரி.

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது சீட்டு என்று நினைக்கிறேன். பெற்றோரிடம் எப்படிப் பரிந்துரைப்பது என்ற மூன்றாவது செய்தி அடுத்த நூலக வாரத்துக்குப் போகிறது. பொறுத்தருளுங்கள். வாசல் மேசையில் இரண்டு கட்டு வைத்திருக்கிறோம். ஒன்று, வெற்றுக் குறிப்பு அட்டைகள். ஆளுக்குப் பத்து எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, சிறுவர் நூலகர் பணியிடம் கேட்டு வாசகர் வட்டம் நிறைவேற்றவிருக்கும் தீர்மானம். சுண்டல் வாங்கும் முன் கையெழுத்துப் போடுங்கள். பிறகு கை எண்ணெய்யாகிவிடும். வணக்கம்.