ஜீப்பில் ஃபோர்டு ஹவுசிங் ஏற்றியாச்சு, ஷாஃப்ட்டை எப்படிச் சேர்ப்பது?

வணக்கம் மக்களே. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் பேசுகிறேன், சத்தம் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது 98 மாடல் ஜீப் செரோக்கி. பின்னால் இருந்த டேனா 35 ஆக்சிலை இறக்கிவிட்டு ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 ஹவுசிங்கை, அதாவது 8.8 அங்குலக் கிரவுன் பல்சக்கரம் உள்ள முழுப் பின் ஆக்சிலைக் கொண்டுவந்திருக்கிறேன். அமெரிக்காவில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ரொம்பக் காலமாகச் செய்கிற வேலைதான். ஆக்சில் ஷாஃப்ட்டில் டேனாவுக்கு 27 பல் என்றால் இதில் 31, 1995-லிருந்து 2001 வரை வந்ததில் டிஸ்க் பிரேக்கும் உண்டு, வீல் போல்ட் வட்டமும் இரண்டுக்கும் ஒரே 4.5 அங்குலம்தான், அதனால் ஜீப் வீலே அப்படியே உட்கார்ந்துவிடும். ஃபோர் வீல் வண்டி என்றால் கியர் ரேஷியோவை (ஷாஃப்ட் எத்தனை சுற்றுக்கு வீல் ஒரு சுற்று என்பதை) மட்டும் பார்த்து வாங்குங்கள், முன்னால் 3.55 இருந்தால் பின்னாலும் 3.55 வேண்டும்.

சரி, ஷாஃப்ட்டுக்கு வருவோம், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின் ஆக்சிலுக்கு வரும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சொல்கிறேன். இதோ, இந்த முனையைப் பாருங்கள். ஜீப்பில் 1310 சைஸ் கிராஸ், அதாவது நான்கு முனையிலும் கப் உள்ள சிலுவை வடிவ யுனிவர்சல் ஜாயின்ட். இதைப் பினியன் (ஆக்சிலுக்குள் கிரவுனைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) முனையிலுள்ள கவை போன்ற யோக்கில் உட்காரவைத்து இரண்டு ஸ்ட்ராப் போட்டு இறுக்கியிருப்பார்கள். எக்ஸ்புளோரரில் அந்த யோக்கே கிடையாது, தட்டையான வட்ட ஃபிளாஞ்ச், நான்கு போல்ட், அவ்வளவுதான். இரண்டும் எங்கேயும் சேராது.

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு பினியன் நட்டைக் கழற்றி, ஃபிளாஞ்சைப் பிடுங்கிவிட்டு, 1310 யோக் ஒன்றை மாட்டிவிடலாம் என்று இறங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளே கிரஷ் ஸ்லீவ் என்று ஒரு நசுங்கும் வளையம் இருக்கிறது, அது நசுங்கித்தான் பினியன் பேரிங்கின் பிரீலோட், அதாவது பேரிங் மேல் இருக்க வேண்டிய அழுத்தம், நிற்கிறது, நட்டை அவிழ்த்து மறுபடி கையளவில் இறுக்கினால் அந்தக் கணக்கு போச்சு. லூஸாக இருந்தால் கிரவுன் ஊளையிடும், கூடுதலாக இறுக்கினால் பேரிங் சூடாகிச் சாகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கிரவுனை எதற்குச் சீண்ட வேண்டும்?

நான் செய்வது வேறு. ஆக்சில் வாங்கும்போதே எக்ஸ்புளோரர் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கும் ஃபிளாஞ்ச் யோக்கையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தப் போல்ட்டுகளின் தலை பன்னிரண்டு முனை, 12 மில்லி சாக்கெட், சாதாரண ஆறு முனை சாக்கெட் ஏறவே ஏறாது. அந்த யோக் 1330 சைஸ். 1310-க்கும் 1330-க்கும் கப் விட்டம் ஒன்றுதான், 1.062 அங்குலம், அகலம்தான் வேறு, 1310-க்கு 3.219, 1330-க்கு 3.625. அதனால் ஒரு பக்கம் குறுகலும் மறுபக்கம் அகலமுமாக ஒரே கிராஸ் கடையில் கிடைக்கிறது, ஸ்பைசர் கம்பெனியில் 5-134எக்ஸ் என்று கேளுங்கள். ஃபோர்டில் சில 1330-க்கு இரண்டு கப் மட்டும் பெரிதாக வரும், ஆகவே வாங்கும் முன் யோக் துளையில் வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து நீளம். கவனியுங்கள், ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன், பாடிக்கு இல்லை. பாடியில் கொடுத்தால் ஆக்சில் தொங்கிப்போய் அளவு பொய்யாகிவிடும். ஷாஃப்ட்டின் முன்முனையில் உள்ளே வெளியே வழுக்கும் ஸ்லிப் யோக்கை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முட்டும்வரை தள்ளி, அங்கிருந்து ஓர் அங்குலம் வெளியே இழுத்து, அந்த நிலையில் முன் கிராஸின் மையத்திலிருந்து பின் கிராஸின் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். குழாயை வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் ஷாஃப்ட் பட்டறைக்கே கொடுங்கள். வீட்டில் வெல்டிங் அடித்தால் பிடித்துக்கொள்ளும்தான், ஆனால் நேராக இருக்காது, பேலன்ஸும் பார்க்க முடியாது. முன் யோக்கும் பின் யோக்கும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோணம்தான் எனக்குப் பிடித்த இடம். கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கூடிக் குறையும், அந்த ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சரிக்கட்ட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒரே கோணம் இருக்க வேண்டும், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளிமுனையும் பினியனும் இணையாக நிற்க வேண்டும். இந்தத் தட்டை ஃபிளாஞ்சின் மேல் காந்தக் கோண அளவியை ஒட்டினால் பினியன் கோணம் உடனே தெரிந்துவிடும், யோக்கில் இவ்வளவு சுலபமில்லை. நான் பினியனை அந்த இணையிலிருந்து ஒரு டிகிரி கீழே வைக்கிறேன், ஏனென்றால் ஆக்சிலரேட்டர் மிதித்தால் லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே எழும். அதனால்தான் ஸ்பிரிங் பேட்களை (ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கில் உட்காரும் தட்டுகள்) இப்போதைக்குப் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்திருக்கிறேன், கோணம் உறுதியான பிறகே முழு வெல்டிங். வண்டியை உயர்த்தி, முன்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள டபுள் ஜாயின்ட் ஷாஃப்ட் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்குப் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிற்க வேண்டும்.

அப்புறம், ஃபிளாஞ்ச் போல்ட்டில் திரெட்லாக் (போல்ட் தானாக அவிழாமல் பிடிக்கும் பசை) தடவி டார்க் ரென்ச்சால்தான் இறுக்க வேண்டும். முதலில் 40 மைலில், பிறகு 60-இல் ஓட்டிப் பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் பேலன்ஸ், மிதித்தால் மட்டும் அதிர்ந்தால் கோணம், இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். பிரேக் லைனும் ஹேண்ட் பிரேக் கேபிளும் அடுத்த வீடியோவில்.