புதிதாகப் போட்டதை முதலில் கழற்றுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரேம், அதாவது வேலை ஓடும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகப் பட்டை, ஒன்று வாங்கிப் போட்டிருப்பீர்கள். மூடியை மூடி சுவிட்சைப் போடுகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. சர்வீஸ் கடைகளில் இதை 'நோ டிஸ்ப்ளே' என்போம். 20 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வேகம் கூட்டப் போய், ஓடிக்கொண்டிருந்ததும் போச்சே என்று கலங்கி வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

நேற்று வரை ஓடிய மிஷின் அது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மாறியது எது? நீங்கள் கை வைத்த இடம். அப்படியானால் புதிதாகப் போட்டதைக் கழற்றிவிட்டு, பழையபடி வைத்து ஓட்டிப் பாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர். தை மாதம், முகூர்த்த நேரம், வேலை குவிந்து கிடக்கிறது. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று பழைய 4 ஜிபி ரேமை எடுத்துவிட்டு 8 ஜிபி போட்டார். டிஸ்ப்ளே வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றினார். அதற்கும் வரவில்லை. இன்னொருவர் சொன்னார் என்று எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் மதர்போர்டில், அதாவது போர்டில், இருக்கும் வட்டமான பேட்டரியை மாற்றினார். கடைசியில் ஒரு கடையில் போர்டே போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் கேபினெட்டைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, நாளன்னைக்கு நாலு பத்திரிகை குடுக்கணும்ணே" என்றார். "உட்காருங்க தம்பி, பார்ப்போம்" என்றேன்.

பழைய ரேமையே திரும்பப் போட்டேன். வரவில்லை. என்னடா இது என்று டார்ச் அடித்துப் பார்த்தால், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குப் பக்கத்தில் நான்கு துளை கொண்ட ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. பிராசசருக்குக் கரண்ட் போகிற வழி அது. எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பெரிய பிளக்கை மட்டும் மாட்டியிருக்கிறார், சின்னது கேபினெட் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செருகினேன். 'டிக்' என்று ஒரு பீப், திரை வந்தது.

ஆனால் விண்டோஸ் வரவில்லை, நீலத் திரை வந்தது. பேட்டரியைக் கழற்றியதில் கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் பயாஸின் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய், ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் முறை மாறியிருந்தது. அதைப் பழையபடி மாற்றினேன், விண்டோஸ் வந்தது.

அப்புறம்தான் புதிய ரேமைக் கையில் எடுத்தேன். ரேம் செருகும் ஸ்லாட்டில் வைத்துக் குனிந்து பார்த்தேன். ஒரு முனை இறங்கியிருந்தது. மறு முனையில், தங்க நிறப் பற்கள் நூல் அளவுக்கு வெளியே தெரிந்தன. இரண்டு கட்டை விரலாலும் இரண்டு முனையையும் சமமாக அழுத்தினேன். 'டக்' என்று கொக்கி தானாக எழுந்து பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்காத வரை ரேம் உட்காரவில்லை என்று அர்த்தம். முதல் நாள் ராத்திரி இருந்த கோளாறு அந்த நூல் அளவு இடைவெளி மட்டும்தான். மற்ற இரண்டும் கோளாறைத் தேடும்போது சேர்ந்தவை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு அடுத்தது.

மூடியைத் திறந்ததும் உள்ளே இருக்கிறபடியே போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஒயர் எங்கே இருந்தது என்ற சந்தேகமே வராது. சுவரிலிருந்து பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். பழைய ரேமின் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள், துகளை ஊதாமல் துணியால் துடையுங்கள். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 ரேம் டிடிஆர்4 ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது, வெட்டு இருக்கும் இடம் வேறு. பலத்தைக் காட்டினால் ஸ்லாட் உடையும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

புதிதாக டிடிஆர்5 ரேம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு அந்த ரேமைப் பழகிக்கொள்கிற நேரம் அது. பதறி அணைத்துவிடாதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள், மானிட்டர் ஒயர் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அது கார்டில் இருக்க வேண்டும். ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். பெரிய கார்டு என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஆறு அல்லது எட்டு பின் ஒயரையும் செருக வேண்டும்.

இன்னும் சில விஷயங்களைக் குறித்து வைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். புதிய விண்டோஸ் லேப்டாப்களில் பலவற்றில், உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கும். போர்டு மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் செய்தாலோ, 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நின்றுவிடும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் படங்களை எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே அதைத் தேடி, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைக்காதீர்கள். வணக்கம்.