வீழ்ந்த பாத்திரத்துக்கு அடுத்து என்ன?

நேயர்களுக்கு வணக்கம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, பேச்சினாலேயே ஒரு கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு வழிகாட்டியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசுவார்கள். இதில் எனக்கு நெடுநாளாக அக்கறையுள்ள கேள்வி ஒன்று உண்டு: ஒரு பாத்திரம் தோற்றுவிட்டால் அடுத்து என்ன?

தாயத்தில் வெட்டுப்பட்ட காயை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் பேசிப் பேசி வளர்த்த பாத்திரம் மாண்டுபோனால் அப்படி இறக்க முடியாது. நான் சொன்ன அந்த விளையாட்டின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், உயிர்ப்புள்ளி தீர்ந்து விழுந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வெற்றி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் போய்விடும். நல்ல விதிதான். ஆனால் உயிர் போகுமா என்பதை மட்டுமே அது சொல்கிறது. போனால் யாருக்கு என்ன ஆகும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிருஷ்ணகிரியில் நாங்கள் ஆடும் கதை, தகடூர் நாட்டில் ஆநிரை கவர்ந்த காலத்தில் நடப்பது. வீழ்ந்த வீரனுக்கு ஊரார் நடும் நடுகல்லை நம் பக்கத்து நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனவர்கள், வில்லும் வாளும் ஏந்திய வீரனையும் ‘தொறு மீட்டுப் பட்டான்’, அதாவது மாடுகளை மீட்டு மாண்டான், என்ற வகையில் வட்டெழுத்தில் வெட்டிய வரிகளையும் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு வீரனைக் கல்லூரி மாணவர் ஒருவர் ஏற்றிருந்தார். மீட்ட மாடுகளோடு தென்பெண்ணையைக் கடக்கும் இடத்தில் பகைவர் நெருங்கிவிட்டார்கள். “நீ நின்று தடுத்தால் மாடுகள் அக்கரை சேரும், உன் உயிர் போகலாம். ஓடினால் நீ பிழைப்பாய், மாடுகள் போய்விடும். பார்த்துச் சொல், தம்பி” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “நிற்கிறேன் அண்ணா” என்று பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது.

மேசையில் யாரும் பேசவில்லை. எப்படி விழுந்தான் என்பதை அவரையே சொல்லச் சொன்னேன். தோளில் அம்பு தைத்த பிறகும், பின்தங்கிய கிடாரியை வில்லின் முனையால் தட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டு வீழ்ந்ததாகச் சொன்னார். அடுத்த முறை ஆடியபோது ஊர் அவனுக்குக் கல் நட்டது. பட்டவன் குடும்பத்துக்கு அக்காலத்தில் உதிரப்பட்டியாக நிலம் விடும் வழக்கம் இருந்ததால், அவன் தங்கைக்கும் நிலம் கிடைத்தது. அந்த நிலத்தின் மேல் சித்தப்பாவுக்குக் கண். இப்போது அந்த மாணவர் தங்கையாக ஆடுகிறார். பல வாரங்களாக எங்கள் கதையே அந்த வழக்குதான். அவன் பிழைத்திருந்தால் இவ்வளவு கதை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே சொல்கிறேன்: பகடை கையை விட்டுப் போகும் முன்பே, தோற்றால் எதை இழக்க நேரும் என்பதை ஆடுபவரிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது தண்டனையாகப் படும்; முன்பே சொன்னால் அவரே தேர்ந்துகொண்டதாகும். இழப்பு உயிராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. சிறைப்படலாம், கடன்படலாம், காப்பதாக வாக்களித்த ஊர் எரிந்துபோகலாம். இதே வகையைச் சேர்ந்த ‘ஃபேட்’ என்னும் விளையாட்டில், பகடை விழும் முன்னரே ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டு, தாம் எப்படி வெளியேறுகிறோம் என்பதில் தம் சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பலனாகப் புள்ளியும் கிடைக்கும். விதியாகவே எழுதிவைத்த இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். சொல்ல நினைத்த மற்றவற்றைச் சுருக்கிவிடுகிறேன். ஆட்டத்தின் நடுவே பாத்திரத்தை இழந்தவரைக் கைகட்டி உட்கார விடாதீர்கள்; பகைவனையோ படகுக்காரனையோ அன்றே அவர் கையில் கொடுங்கள். குழந்தைச் சாவு போன்ற எவையெல்லாம் கதைக்குள் வரக்கூடாது என்பதை முதல் நாளே எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.