ரெஃபரன்ஸ் பட்டியலை ஜர்னல் கேட்கிற வடிவத்துக்கு மாற்றுவது எப்படி?

[திரை: வேர்ட் ஆவணத்தின் கடைசிப் பக்கம். 43 ரெஃபரன்ஸ். கர்சர் ஒரு கமாவின் பக்கத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது.]

வணக்கம். பிஎச்டி செய்துகொண்டிருந்தபோது நான் அனுப்பிய முதல் கட்டுரை எட்டே நாளில் திரும்பி வந்தது. யாரும் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, படிக்கவே இல்லை. "ரெஃபரன்ஸ் எங்கள் வடிவத்தில் இல்லை, திருத்தி அனுப்பவும்" என்று ஒரே வரி. ரெஃபரன்ஸ் என்றால் நாம் மேற்கோள் காட்டும் கட்டுரை, நூல்களின் விவரம். 43 ரெஃபரன்ஸையும் உட்கார்ந்து கையாலேயே மாற்றினேன். இரண்டு ராத்திரி போனது. அப்புறம் அந்த ஜர்னல் கட்டுரையே வேண்டாம் என்றுவிட்டது. அடுத்த ஜர்னல் கேட்டதோ வேறு வடிவம்.

மூன்றாவது ராத்திரி ஸோட்டரோவை இறக்கினேன். ரெஃபரன்ஸைச் சேமித்து வைத்து, கேட்கிற வடிவத்தில் எழுதித் தரும் இலவச மென்பொருள். இன்றைக்கு அதில்தான் செய்து காட்டப்போகிறேன். இதே வேலையைச் செய்யும் மெண்டலி, எண்ட்நோட் வைத்திருப்பவர்களும் பார்க்கலாம். பொத்தான் இருக்கும் இடம் மாறுமே தவிர, வருகிற தொல்லை ஒன்றுதான்.

[திரை: ஒரே கட்டுரை, மூன்று வடிவம். ஒவ்வொரு வரியாகத் தோன்றும்.]

வடிவம் என்றால் என்ன என்று ஒரு நிஜக் கட்டுரையை வைத்தே பார்த்துவிடலாம். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் எழுதியது. புரதம் படித்தவர்களுக்கு 'ராமச்சந்திரன் வரைபடம்' தெரிந்திருக்கும். அதன் பின்னால் இருக்கும் கட்டுரை இது.

வான்கூவர்: ராமச்சந்திரன் ஜிஎன், ராமகிருஷ்ணன் சி, சசிசேகரன் வி. ஸ்டீரியோகெமிஸ்ட்ரி ஆஃப் பாலிபெப்டைட் செயின் கான்ஃபிகரேஷன்ஸ். ஜே மோல் பயோல். 1963;7:95-9.

ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் வடிவம்): ராமச்சந்திரன், ஜி. என்., ராமகிருஷ்ணன், சி., & சசிசேகரன், வி. (1963). அதே தலைப்பு. ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி, 7, 95–99.

நேச்சர் (அதே பெயருள்ள அறிவியல் ஜர்னலின் வடிவம்): ராமச்சந்திரன், ஜி. என்., ராமகிருஷ்ணன், சி. & சசிசேகரன், வி. அதே தலைப்பு. ஜே. மோல். பயோல். 7, 95–99 (1963).

[திரை: ஆண்டு, இனிஷியல், பக்க எண் மூன்றும் மஞ்சளில்.]

ஆண்டைப் பாருங்கள். ஏபிஏவில் பெயரை ஒட்டி நிற்கிறது, நேச்சரில் கடைசிக்குப் போய்விட்டது. வான்கூவரில் இனிஷியலுக்குப் புள்ளியே கிடையாது. பக்க எண்ணிலும் 99-ஐ முழுதாக எழுதாமல் 9 என்று முடித்துக்கொள்கிறார்கள். 1978-இல் சில மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசியதில் பிறந்த வடிவம் அது. பெயர் அப்படித்தான் வந்தது.

எத்தனை ஆசிரியர் பெயரை எழுதுவது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. நேச்சரில் ஐந்து பேர் வரைக்கும்தான். ஆறாவது ஆள் இருந்தால் முதல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை 'எட் அல்', அதாவது 'மற்றும் பிறர்' ஆக்கிவிடுவார்கள். ஏபிஏ ஏழாம் பதிப்பிலோ 20 பேர் வரைக்கும் முழுதாக எழுத வேண்டும்.

சரி, இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கமா, புள்ளி, எட் அல் எல்லாம் மென்பொருளின் வேலை. நம் வேலை இந்த வலது பக்கத்துப் பெட்டிகளில் இருக்கிறது.

[திரை: ஸோட்டரோ. வலது பக்கம் தலைப்பு, ஆசிரியர், தொகுதி, பக்கம் என்று பெட்டிகள்.]

மேலே மந்திரக்கோல் மாதிரி ஒரு படம் இருக்கிறதா? அதை அழுத்தி, கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தனியாக இருக்கும் அடையாள எண்ணை, ஒட்டினால் போதும், பெட்டிகள் தானாக நிரம்பிவிடும். நிரம்பியதெல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். பெட்டிக்குள் தப்பு இருந்தால் எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் அந்தத் தப்பு அழகாக உடுத்திக்கொண்டு வந்து நிற்கும்.

[திரை: ஆசிரியர் பெட்டி மட்டும் பெரிதாக.]

பெரிய தலைவலி பெயர்தான், அதுவும் நம் ஊர்ப் பெயர். இந்தப் பெட்டி முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கிறது. கடைசிப் பெயர் குடும்பப் பெயராக இருக்கும் என்பது அதன் நினைப்பு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ராமச்சந்திரனுக்கு முன்னால் இருக்கும் 'ஜி' கோபாலசமுத்திரம், ஊர்ப் பெயர். 'என்' அப்பா நாராயண ஐயர். தன் பெயர் கடைசியில் இருந்ததால் அவர் தப்பித்தார். உலகம் அவரை ராமச்சந்திரன் என்றே சொல்கிறது.

இப்போது பலர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலக் கட்டுரையிலும் இனிஷியலை விரித்துப் பின்னால் போடுகிறார்கள். செ. முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டுரையில் 'முருகன் செல்வம்' என்று போடுகிறார். ரெஃபரன்ஸில் 'செல்வம் எம்' என்று வரும். வேலை செய்தது மகன், பேர் வாங்குவது அப்பா! பெற்ற கடனுக்கு அது நியாயம்தான் என்றாலும், ஒரு கட்டுரையில் செல்வம், இன்னொன்றில் முருகன் என்று வந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் தமிழ்ப் பெயர் வந்தால் பிடிஎஃபைத் திறந்து, 'இந்தக் கட்டுரையை இப்படிக் குறிப்பிடவும்' என்ற வரியில் அவர் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதன்படியே பெட்டியில் போடுங்கள். உங்கள் சொந்தப் பெயருக்கு முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணும் வாங்கிவிடுங்கள். 16 இலக்கம், காசு கிடையாது.

[திரை: 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.']

இதைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறதா? வேர்ல்ட் ஹெல்த் ஆர்கனைசேஷன், அதாவது உலக சுகாதார அமைப்பு. மென்பொருள் அதை ஒரு மனிதர் என்று நினைத்து, வேர்ல்ட், ஹெல்த் இரண்டையும் இனிஷியலாகச் சுருக்கிவிட்டது. அச்சான கட்டுரைகளிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகும். நிறுவனப் பெயரை அதில் முழுதாகப் போடுங்கள்.

[திரை: தலைப்புப் பெட்டி.]

அடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து. தமிழில் இந்தத் தொல்லை இல்லாததால் நம் கண்ணில் இது சட்டென்று படுவதில்லை. சில தளங்கள் தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் அனுப்பும். ஏபிஏ, வான்கூவர் இரண்டும் பெரும்பாலும் முதல் சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து கேட்கும். தலைப்பின் மேல் வலது கிளிக் செய்தால் மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றியதும் ஊர்ப் பெயர், டிஎன்ஏ மாதிரி சொற்கள் சிறிய எழுத்தாகிவிட்டனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பக்க எண் இல்லாத கட்டுரையா? பதற வேண்டாம். இணையத்தில் மட்டும் வரும் ஜர்னல்களில் அதற்குப் பதில் கட்டுரை எண் இருக்கும்.

[திரை: வேர்ட். ஸோட்டரோ பட்டை. டாக்குமெண்ட் பிரிஃபரன்சஸ் திறக்கிறது.]

பெட்டிகள் சுத்தமாகி, ரெஃபரன்ஸும் ஸோட்டரோ வழியாகவே வேர்டில் சேர்ந்திருந்தால் மிச்சம் ஐந்து நிமிட வேலை. இங்கே ஜர்னலின் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் ஸோட்டரோவின் ஸ்டைல் களஞ்சியத்தில் தேடலாம். 10,000-க்கும் மேல் இருக்கிறது. தேர்ந்தெடுத்து ஓகே... பாருங்கள், 43-ம் மாறிவிட்டது. நடுவில் புதுப் பத்தி சேர்த்தாலும் எண் வரிசை தானே நகரும். ஜர்னல் பெயரைச் சுருக்கும் வசதியும் இதே ஜன்னலில்தான். நேச்சர், நம் ஊர் இயற்பியல் ஜர்னலான பிரமாணா மாதிரி ஒற்றைச் சொல் பெயர்களைச் சுருக்கக்கூடாது.

அப்புறம் அந்த ஜர்னலில் போன மாதம் வந்த கட்டுரை ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்து மூன்று ரெஃபரன்ஸை ஒப்பிடுங்கள். விதிமுறைப் பக்கத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு அச்சில் வேறு மாதிரி போடும் ஜர்னல்கள் உண்டு. நான் அச்சைத்தான் நம்புவேன். முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவமானாலும் சரி, ஒரே சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் ஜர்னல்களும் இப்போது நிறைய. அங்கே இந்த வேலையே வேண்டாம்.

[திரை: 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' பொத்தான்.]

அனுப்பும் முன், கோப்பைப் பிரதி எடுத்து அதில் மட்டும் இந்தப் பொத்தானை அழுத்துங்கள். ரெஃபரன்ஸ் எல்லாம் சாதாரண எழுத்தாகிவிடும், அதற்கப்புறம் தானாக மாறாது. மூலக் கோப்பில் அழுத்திவிட்டால் அடுத்த ஜர்னலுக்குப் போகும்போது மறுபடி இரண்டு ராத்திரி.