பலூனும் பாம்பும்

(கார்கில் வெற்றி நாளன்று கோத்தகிரியில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன். மழைச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காமல் போனதும் இதில் உண்டு.)

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஊர்க் கவுடர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, லடாக் மலையில் 1999-ஆம் ஆண்டு கோடையைக் கழித்துவிட்டு இன்று நம்மோடு மழைக்கு ஒதுங்கியிருக்கும் சுபேதார் ஐயா அவர்களே, நான் என்ன பேசப்போகிறேன் என்று தெரிந்தும் பிள்ளைகளை அனுப்பிவைத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, நாற்காலிக்கும் தேநீருக்கும் பொறுப்பேற்ற தேயிலைத் தொழிற்சாலை நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பேச்சின் நடுவில் சேர்த்துக்கொள்கிறேன். போன வருஷம் ஒருவரை விட்டதற்கு இன்னும் என்னோடு பேசாமல் இருக்கிறார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு பெரியது. வெளிநாடு ஒன்றால் நம் தேசத்துக்கு ஆபத்து வந்தால் அரசின் பல கைகளும் எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது. தொலைபேசித் துறையில் 34 வருஷம் கம்பம் ஏறியவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். கம்பம் ஏறியவனுக்குத்தான் தெரியும், எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகவில்லை என்று. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று மலை எல்லை, இரண்டு கணினி, மூன்று கடல்.

அதற்கு முன்னால் எங்கள் பாட்டி சொன்ன பழமொழி ஒன்று. 'பல பேர் கூடினால் பாம்பு சாகாது.' சுற்றி இருபது பேர் நிற்பார்கள். கம்பு எடுக்க அவன் போயிருப்பான் என்று இவன் நினைப்பான், இவன் போயிருப்பான் என்று அவன் நினைப்பான். பாம்பு யாரையும் நினைக்காது. பொந்தைப் பார்த்துப் போய்விடும்.

சரி, மலைக்கு வருவோம். 1999 மே மாதத் தொடக்கத்தில் கார்கிலின் பட்டாலிக் பக்கம் தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர் காணாமல் போன தம் யாக்கைத் தேடிப் போனார். கையில் பைனாகுலர் இருந்தது. யாக் கண்ணில் படும் முன்னால், அங்கே இருக்கக்கூடாத ஆட்கள் கண்ணில் பட்டார்கள். கீழே வந்து ராணுவத்திடம் சொன்னார். பாகிஸ்தான் ஆட்களின் ஊடுருவல் வெளியே தெரிய வந்தது இப்படித்தான். அந்த மலைகளை மீட்க 527 வீரர்களை இழந்தோம்.

ஜூலை 26-இல் போர் முடிந்தது. மூன்றாம் நாளே, 29-ஆம் தேதி, எங்கே தவறினோம் என்று பார்க்க அரசு ஒரு குழு போட்டது. அதன் தலைவர் கே. சுப்பிரமணியம், நம் திருச்சியில் பிறந்தவர். இன்றைய வெளியுறவு அமைச்சரின் தந்தை. 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. எனக்கு விளங்கிய மட்டில் அதன் சாரம் இதுதான். துப்பு துண்டு துண்டாக வந்திருக்கிறது. இந்த அமைப்பிடம் கொஞ்சம், அந்த அமைப்பிடம் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கொட்டிப் பார்க்கத்தான் ஏற்பாடு இல்லை. மூன்று ஒற்றர் தனித்தனியே சொன்னது ஒத்துப்போனால் நம்பு என்று வள்ளுவர் ஒற்றாடலில் சொல்லிவைத்தார். மூன்று பேரையும் அனுப்பிவிட்டோம், ஒத்துப் பார்க்க ஆள் வைக்க மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு வேலை நடக்காமல் இல்லை. உளவுச் செய்திகளை ஒன்றாகப் பார்க்கப் பல்முகமை மையம் 2001-இல் வந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் அதை வலுப்படுத்தினார்கள், தேசியப் புலனாய்வு முகமையும் பிறந்தது. ஆனால் முப்படைக்கும் பொதுவாக ஒரு தலைமை வேண்டும் என்று அமைச்சர் குழு சொன்னது 2001-இல். முதல் முப்படைத் தலைமைத் தளபதி நாற்காலியில் உட்கார்ந்தது 2020 ஜனவரி 1-இல். நடுவில் ஒரு பிள்ளை பிறந்து, படித்து, கல்லூரிக்கே போயிருக்கும்.

அந்த முதல் தளபதி ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பர் 8-ஆம் தேதி வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் பேச வந்துகொண்டிருந்தார். குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. உள்ளே இருந்த 14 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. விமானப்படை குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் போராடினார். முதலில் ஓடியது யார்? அந்தக் குடியிருப்பு மக்கள். வீட்டுக் கம்பளியைக் கொண்டு ஓடினார்கள், குடத்தில் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். மூன்று படையையும் ஒரு கயிற்றில் கட்ட வந்த மனிதரின் கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்தது நம் மலைக்காரர்களின் கம்பளி. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஆங், மன்னிக்க வேண்டும், ஒலிபெருக்கித் தம்பியைச் சொல்லாமல் விட்டேன். அவருக்கும் வணக்கம். இல்லையென்றால் மைக்கை அணைத்துவிடுவார்.

இப்போது ஒரு கதை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், ஓர் இரண்டாம் சனிக்கிழமை காலை, எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் மலைக் கிராமத்துக்கு, கீழே கொழுந்து பறிக்கப் போன பெண்கள் கூச்சல் போட்டார்கள். சில்வர் ஓக் மரத்து உச்சியில் கிழிந்த வெள்ளை ரப்பர் ஒன்று தொங்குகிறது. அதன் கீழே நீளமான கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு வெள்ளைப் பெட்டி, பெட்டியிலிருந்து வால் மாதிரி ஒரு கம்பி. "பாம்" என்றாள் ஒருத்தி. "சீனாக்காரன் கேமரா" என்றார் இலை ஏஜென்ட், எடைத் தராசைக் கீழே வைக்காமலே. அரை மணி நேரத்தில் ஊரே கூடிவிட்டது. நான் தொலைபேசிக்காரன் அல்லவா, பேசும் பொறுப்பு என் தலையில்.

ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், நாளைக்கும் இந்த ஊரில் நான் இருக்க வேண்டும். "பொருள் தரையில் கிடக்கிறதா, மரத்தில் தொங்குகிறதா?" என்றார்கள். மரத்தில் என்றேன். "தரையில் விழுந்தால் சொல்லுங்கள், மரம் எங்கள் பொறுப்பில் வராது." இன்னோர் அலுவலகம். "மரம் எங்கள் பொறுப்புதான். பெட்டி எங்களுடையது இல்லையே ஐயா." மூன்றாவது இடத்தில் இளைஞர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். "வானத்திலிருந்து வந்ததை நீங்கள் பார்த்தீர்களா?" இல்லை என்றேன். "அப்போது எப்படி வானத்திலிருந்து வந்தது என்று எழுதுவது?" நியாயமான கேள்வி. நாலாவது இடத்தில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். எங்கள் சரிவில் சிக்னல் கிடையாது. பஸ் நிறுத்தம் வரை ஏறினால் ஒரு கட்டை வரும், டீக்கடைப் பெஞ்சு மேல் நின்றால் இரண்டு கட்டை. பெஞ்சு மேல் நின்று அனுப்பிவிட்டு இறங்கி வருகிறேன், பதில் வருகிறது. 'தெளிவாக இல்லை. அருகில் போய் எடுக்கவும்.'

மத்தியானம் இரண்டு ஜீப் வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், தேநீர் குடித்தார்கள். ஆனால் அந்த மரம் தாலுகா எல்லையில் நிற்கிற மரம். வேர் இந்தத் தாலுகா, கிளை அந்தத் தாலுகா. வரைபடத்தைப் போனட்டில் விரித்து வைத்துக்கொண்டு வேருக்கு அதிகாரமா கிளைக்கு அதிகாரமா என்று பேச்சு. எங்கள் ஆட்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். 'பல பேர் கூடினால் பாம்பு சாகாது' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர், "எங்கே பாம்பு?" என்று கத்தி, அதில் ஒரு பத்து பேர் ஓடினார்கள்.

அப்போது வந்தது குரங்கு. எல்லா அனுமதியும் வாங்கினது போல மரத்தில் ஏறியது. பெட்டியை ஒரு இழு இழுத்தது, முகர்ந்து பார்த்தது, தின்கிற சாமான் இல்லை என்றதும் எங்கள் நடுவே போட்டது. ஊர், ஜீப், வரைபடம், ஏஜென்ட், நான் எல்லோரும் ஓடிவிட்டோம். ஓடாமல் நின்றது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. குனிந்து பார்த்து, ஒட்டியிருந்த சீட்டைச் சத்தமாகப் படித்தாள். வானிலை ஆய்வுக் கருவி, அபாயமில்லாதது. நம் அரசு தினமும் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளக்க மேலே விடுகிற பலூன்! விட்டதும் அரசு, பயந்ததும் அரசு.

சிரித்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் அன்று ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் விதிப்படிதான் பேசினார்கள். என் பயமே அதுதான். நம்மைவிட நூறு மடங்கு ரேடார் வைத்திருக்கிற அமெரிக்காவின் வானத்தில் 2023-இல் சீன பலூன் ஒன்று பல நாள் உலாவியது. பிப்ரவரி 4-ஆம் தேதி கடல் மேலே வந்த பிறகுதான் சுட்டார்கள். அதற்கு முன் வந்த பலூன்களைத் தாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை என்று அவர்கள் வான்பாதுகாப்புத் தளபதியே ஒத்துக்கொண்டார். குரங்கு எல்லா ஊரிலும் இருக்காது.

இரண்டாவது, கணினி. கூடங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 29-ஆம் தேதி, அணுமின் நிலையத்தில் கணினித் தாக்குதல் நடக்க வழியே இல்லை என்று நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாள் 30-ஆம் தேதி, நிர்வாக வலையமைப்போடு இணைந்த ஒரு கணினியில் தீய நிரல் இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் சொன்னது. உலையை இயக்கும் கணினிகள் தனி, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அரசின் கணினி அவசரக் குழு அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறது. வடகொரியாவின் கைவரிசை என்றார்கள் வெளி நிபுணர்கள். யாராகவும் இருக்கட்டும். ஒரு வீட்டில் அப்பாவுக்குத் தெரிந்தது எட்டு வாரம் ஆகியும் திண்ணைக்கு வரவில்லை. ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன், நம் துறை சம்பந்தப்பட்டது. தொலைத்தொடர்புக் கருவியை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது, நம்பிக்கையான இடம் என்று அரசு ஒப்பிய இடத்தில்தான் வாங்க வேண்டும் என்று 2021 ஜூன் 15 முதல் விதி இருக்கிறது. லடாக் எல்லையில், கல்வானில், சீனப் படையோடு மோதி 20 வீரர்களை இழந்து ஒரு வருஷம் ஆன அதே நாள். அந்த இருபதில் ஒருவர் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி.

ஒரு வார்த்தை குறுக்கே. கண்காணிப்பு என்ற பெயரில் பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்படுவது ஆரம்பித்தால் அது வேறு வியாதி. என் தாய் தந்தை 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள். எங்களையும் ஒரு காலத்தில் 'எங்கிருந்தோ வந்தவன்' என்றுதான் இந்தச் சந்தையில் பார்த்தார்கள். நான் கேட்பது கருவியைச் சந்தேகப்படச் சொல்லி. மனுஷனை அல்ல.

இனி நான் வந்த காரியம். பேசிப் பேசி இங்கேதான் வருவான் என்று முன்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. வந்துவிட்டேன். அவசரத்துக்கு 112 இருக்கிறது, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கணினி மோசடிக்கு 1930. நல்ல எண்கள்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரம் விழுந்து, மின்சாரம் போய், டவரும் செத்தால் எந்த எண்ணை அழுத்துவீர்கள்? நாளை எதிரி ஒருவன் நம் வலையமைப்பை முடக்க நினைத்தால் அவன் செய்யப்போவதும் இந்த மழை செய்ததைத்தான். இருட்டாக்கிவிட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்துவான். அப்போது பாம்பைச் சுற்றி நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடக்கூட வழி இருக்காது.

ஆகவே, ஹாம் ரேடியோ. உரிமம் வாங்கிய சாதாரண ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி. டவர் வேண்டாம், கம்பி வேண்டாம், ஒரு கார் பேட்டரி போதும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானுக்குப் போயிருந்தது, உலகத்தோடு பேசிப் பார்க்க. சுனாமி வந்து எல்லாத் தொடர்பும் அறுந்தபோது போர்ட் பிளேரிலிருந்து செய்தி சொல்லிக்கொண்டிருந்தது அவர்கள் கருவி. இந்தியாவில் 12 வயது ஆனால் தேர்வு எழுதி உரிமம் வாங்கலாம். நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ஹட்டிக்கு ஒரு கருவி, உரிமம் உள்ள இரண்டு பேர். மலையுச்சியில் ஒரு ரிப்பீட்டர், அதாவது பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் கருவி. தேர்வை எழுதப் பிள்ளைகள் மலையிறங்காமல் இங்கேயே ஒரு மையம். அப்புறம் எல்லாத் துறையும் காது கொடுக்கிற ஒரே அறை. கூடலூர்ப் பக்கம் மூன்று மாநிலம் ஒட்டி நிற்கிறது, அங்கே ஒரு செய்தி மூன்று காவல்துறைக்கும் மூன்று வனத்துறைக்கும் போக வேண்டும். அந்த அறையில் மூன்று மாநிலத்தின் காதும் இருக்கட்டும்.

மூன்றாவது, கடல். கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் மதராஸ் அசட்டையாக இருந்த ஓர் இரவில், 1914 செப்டம்பர் 22, ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அன்று முதல் கெட்டிக்கார ஆளை நாம் 'சரியான எம்டன்' என்கிறோம். மீதியை அடுத்த வருஷம் கூப்பிட்டால் சொல்கிறேன்.

விண்ணப்பத் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. வார்டு உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், இத்தனை பேர் முன்னால் சொன்னதால் இனி மாற முடியாது. சுபேதார் ஐயா தம்முடைய கருவியைக் கொண்டுவந்திருக்கிறார். மழை விட்டால் வெளியே ஆன்டெனா கட்டி, யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். அந்த வானிலைப் பெட்டியும் பக்கத்தில் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள், வெடிக்காது. அன்று சீட்டைப் படித்த பெண் இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள், இன்று லீவில் வந்திருக்கிறாள். முதலில் அவள் பேசட்டும். பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நில்லுங்கள், பெரியவர்களுக்கு அதுவரை டீ.