இணைய வகுப்பில் தொலைக்காட்சித் தொடர் எழுதக் கற்பது

[காட்சி: கோபிச்செட்டிபாளையத்து வயல்கள். திண்ணையில் மடிக்கணினி.]

குரல்: கோபியிலோ தாராபுரத்திலோ இருந்துகொண்டே தொலைக்காட்சித் தொடர் எழுதக் கற்க இன்று இணைய வகுப்புகள் உள்ளன, ஆனால் அவை எல்லாம் ஒரே தரத்தில் பயன்படுவதில்லை. மாஸ்டர்கிளாஸ் தளத்தில் 2017-இல் வெளிவந்த, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர் ஷோண்டா ரைம்ஸின் வகுப்பு, தேர்ந்த எழுத்தாளர் ஒருவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைக் காட்டுகிறது. கோர்செரா தளத்தில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வழங்கும் வகுப்போ, தொடரின் கதைமாந்தரையும் கதைப்போக்கையும் தொகுத்துச் சொல்லும் கதைக் குறிப்பேட்டையும் முதல் எபிசோடையும் நம்மையே எழுதவைத்து, சக மாணவர்களைக் கொண்டு கருத்துச் சொல்லவைக்கிறது. புதியவருக்கு இந்த இரண்டாம் வகையே உதவும் என்பது என் உறுதியான கருத்து.

[காட்சி: ஈரோடு மஞ்சள் மண்டி. வெறுமையான குடோன்.]

குரல்: இவ்வகுப்புகள் நன்றாகக் கற்பிப்பது, ஒரு பகுதியை எங்கே நிறுத்துவது என்பதை. அண்ணன், கூட்டாக வைத்திருந்த மஞ்சளைத் தம்பியிடம் சொல்லாமல் விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை நம்பித்தான் தம்பி மகளின் நிச்சயத்துக்கு நாள் குறித்திருக்கிறார். "ஏனுங்ணா, குடோன்ல ஒரு மூட்டையுங் காணோமுங்களே?" என்று தம்பி கேட்டவுடன் விளம்பர இடைவேளை வர வேண்டும். அண்ணன் காரணத்தைச் சொல்லி முடித்த பிறகு நிறுத்தினால், பார்வையாளர் காத்திருக்க ஏதும் மிஞ்சாது.

[காட்சி: கையால் எழுதிய சீன் ஆர்டர் தாள்.]

குரல்: அமெரிக்க வகுப்புகள் பெரும்பாலும் வாரம் ஓர் எபிசோட் வரும் தொடரை மனத்தில் கொண்டவை. தமிழ் நெடுந்தொடர் வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாவதால், கதை, திரைக்கதை, வசனம் ஆகியவற்றைத் தனித்தனி ஆட்கள் எழுதுவது இங்கே வழக்கம். ஆகவே முதல் எபிசோடை முடித்ததும், அதே கதைக்கு ஒரு வாரத்துக்கான ஒன்லைனையும் (கதைச் சுருக்கம்) சீன் ஆர்டரையும் (காட்சிகளின் வரிசை) எழுதிப் பாருங்கள். கதையில் சரக்கு இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

எழுதிய ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் ஓடும் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்கு உரியது, தமிழில் அப்படியே பொருந்தாது. அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 நிமிடமே என்பதால், வசனத்தை வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தில் அளந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சக மாணவர் காட்சியின் அமைப்பைத் திருத்துவார். கொங்குப் பேச்சைத் திருத்த அவரால் இயலாது. அந்த வசனத்தை மண்டியில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "நாங்க இப்படிப் பேச மாட்டமுங்க" என்று அவர் எந்த வரியில் நிறுத்துகிறாரோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.