ஐம்பது சொற்களுக்கு ஒரு புதுச் சொல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். அன்றாட ஆங்கிலம் ஓரளவு கைவந்த பிறகும், ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையோ ஒரு நல்ல நாவலையோ கையில் எடுத்தால் திணறிப் போகிறவர்கள் நம்மிடையே பலர். அவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்கான சொற்பட்டியல் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். பட்டியல் பயனற்றது அன்று. ஆயினும் ஒரு சொல் எதனோடு சேர்ந்து வரும், எந்த இடத்தில் பொருந்தாது என்பதை அது கற்றுத் தருவதில்லை. அந்த அறிவு வாசிப்பின் வழியாகவே ஊறுகிறது.

அதற்காகக் கடினமான நூலோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதில்லை. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் நேஷன், எளிமைப்படுத்தப்படாத ஆங்கில நாவல் ஒன்றைப் பிறர் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களையும் சேர்த்தே சொற்குடும்பம் என்கிறார்கள். வாசிக்கும் சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருந்தால்தான் பொருள் தடையின்றி விளங்கும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. அப்படியானால், 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் தெரியாதவை ஆறுக்குள் இருக்க வேண்டும். பதினைந்து, இருபது என்று ஏறினால், அந்த நூலைச் சில மாதங்கள் தள்ளிவைத்துவிட்டு எளிதான ஒன்றை எடுப்பதில் தவறேதும் இல்லை.

ஃபிஜி தீவுகளின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் ஆகிய இருவரும் நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது. வகுப்பறைகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை ஏராளமாக வழங்கியபோது, வழக்கமான பாடமுறையில் பயின்றவர்களைவிட அந்தக் குழந்தைகள் வாசித்துப் புரிந்துகொள்வதில் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று.

உயர்நிலைச் சொற்களைப் பொறுத்தவரை இன்னொரு தடை உண்டு. அவை அரிதாகவே கண்ணில் படுபவை. ஒருமுறை மட்டும் சந்தித்த சொல் பெரும்பாலும் மறந்துபோகும். ஆகவே, சில வாரங்களுக்கேனும் ஒரே துறையிலோ ஒரே எழுத்தாளரின் நூல்களிலோ நிலைத்திருந்து வாசியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பருவமழையைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து கட்டுரைகள் படிப்பவருக்கு, ஆவியாதல், ஈரப்பதம், வறட்சி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். பொருளும் பயன்பாடும் சேர்ந்தே மனத்தில் பதியும்.

அகராதியை எப்போது திறப்பது என்று கேட்பீர்கள். புதுச் சொல்லைப் பென்சிலால் குறித்துவிட்டு முதலில் தொடர்ந்து படியுங்கள். அது மறுபடியும் வந்தாலோ, அதன் பொருள் தெரியாமல் பத்தியே விளங்காமல் போனாலோ அகராதியைப் பாருங்கள். குறிப்பேட்டில் பொருளை மட்டும் எழுதாமல், அந்தச் சொல் வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதிவையுங்கள்.